சரத்தின் மூன்றாம் எழுத்து எது?

‘தமிழ்’ என்னும் சொல்லின் மூன்றாம் எழுத்து எது என்று கேட்டால், அரிச்சுவடி முடித்த சிறுவனும் ‘ழ்’ என்று தயங்காமல் சொல்லுவான். அதே வினாவை இக்காலத்து நிரல்மொழிகளிடம் கேட்டால் விடைகள் பலவாகின்றன. ஸ்விஃப்ட் மொழி ‘ழ்’ என்றே சொல்கிறது. ஜாவாவும் பைத்தானும் மகரத்தோடு சேர்ந்திருந்த இகரக் குறியை மட்டும் தனியே பிரித்துத் தருகின்றன. யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்ட அச்சொல்லைச் சி++ மொழியின் வழக்கமான ஸ்ட்ரிங் வகையிடம் ஒப்படைத்து மூன்றாம் உறுப்பைக் கேட்டால், 164 என்னும் மதிப்புடைய ஒரு பைட் கிடைக்கிறது. முதலெழுத்தாகிய தகரத்தைக் குறிக்கும் மூன்று பைட்களுள் அது கடைசியானது, தனித்து நிற்கையில் எந்த ஒலியையும் எந்த வடிவையும் சுட்டாதது.

இவற்றுள் எதையும் பிழை என்று எளிதில் தள்ளிவிட இயலாது. ஒவ்வொரு மொழியும் எழுத்து என்பதற்குத் தான் வகுத்துக்கொண்ட லட்சணத்தின்படி ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. சரத்திலிருந்து ஓர் எழுத்தைப் பிரித்தெடுப்பது நிரலாக்கப் பாடநூல்களில் ஆரம்பப் பயிற்சியாக வைக்கப்படுவது வழக்கம். ஆயினும், பொருள்நோக்கு நிரல்மொழிகளை வகுத்தவர்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இதற்கு அளித்துவந்த விடைகளை ஒருசேர வைத்து நோக்கினால், முந்தியதன் குறையைக் களைய வந்த ஒவ்வொரு விடையும் தனக்கென ஒரு புதிய குறையையும் உடன் கொண்டுவந்தது என்பது புலப்படும்.

சுட்டுமுனையும் சுட்டெண்ணும்

பொருள்நோக்கு மரபின் மூலநூலாகக் கருதப்படும் ஸிமுலா 67 மொழியை, ஆஸ்லோ நகரில் நார்வேக் கணிப்பு மையத்தைச் சேர்ந்த ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் வகுத்தனர். அம்மொழியில் ஒவ்வொரு சரமும் தன்னகத்தே ஒரு சுட்டுமுனையை உடையது. ‘கெட்சார்’ என்று ஏவினால், சுட்டுமுனை நிற்கும் இடத்து எழுத்தைக் கொடுத்துவிட்டு ஓரடி முன்னே நகரும்; ‘மோர்’ என்று கேட்டால், இன்னும் எழுத்து எஞ்சியுள்ளதா என்பதைச் சொல்லும்; வேறோர் இடத்திலிருந்து தொடங்க விரும்பினால் ‘செட்பாஸ்’ என்னும் ஏவலால் முனையை அங்கே நிறுத்தலாம். ‘இத்தனையாவது எழுத்தைக் கொடு’ என்பதைக் காட்டிலும் ‘அடுத்த எழுத்தைக் கொடு’ என்பதே ஆங்கு இயல்பான வேண்டுகோளாக இருந்தது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் வளர்ந்து, ஸ்மால்டாக்-80 என்னும் பெயரால் உலகறிந்த மொழி, வேறொரு வழியை மேற்கொண்டது. அங்கே சரம் என்பது எழுத்துகளின் வரிசைத் தொகுதி. ‘அட்’ என்னும் செய்தியோடு ஓர் எண்ணை அனுப்பினால், அந்த ஸ்தானத்திலுள்ள எழுத்து தானும் ஓர் ஆப்ஜெக்டாகத் திரும்பி வரும். அந்த எழுத்தினிடம் ‘நீ உயிரெழுத்தா’ என்று வினவவும் கூடும். சரம் தன் உள்ளமைப்பை எவ்வாறு வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டிய அவசியமில்லை என்ற சித்தாந்தம் இங்கேதான் தெளிவான உருப்பெற்றது. பின்வந்த மொழிகளுள் பெரும்பாலானவை இதனையே பின்பற்றின.

ஆனால் அந்தச் சித்தாந்தத்தோடு சேர்ந்து, பலர் கவனியாத ஒரு வாக்குறுதியும் உள்ளே நுழைந்துவிட்டது: ஓர் எண்ணைச் சொன்னால் ஓர் எழுத்து நிர்ணயமாகும், அதனை எடுப்பதற்கு ஆகும் காலம் எண் சிறிதாயினும் பெரிதாயினும் மாறாது என்பதே அது. 128 குறிகளை மட்டும் உடைய ஆஸ்கி அட்டவணையே எழுத்துலகம் முழுவதுமாக இருந்தவரையில், ஒரு குறிக்கு ஒரு பைட் என்ற கணக்கில் எழுத்தின் வரிசை எண்ணும் நினைவகத்தில் அதன் இடமும் ஒன்றாகவே இருந்தமையால், அவ்வாக்கைக் காப்பாற்றச் சிரமம் எதுவும் ஏற்படவில்லை. பிற்காலத்து விவாதங்கள் யாவும், இவ்விரண்டும் தம்முள் பிரிந்த நாளிலிருந்து தொடங்கியவை என்று சொல்வது மிகையாகாது.

எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குவதா, சுழியத்திலிருந்து தொடங்குவதா, எல்லையைக் கடந்த எண்ணைக் கொடுத்தால் ஜாவாவைப் போலப் பிழை எழுப்புவதா, ஜாவாஸ்கிரிப்டின் ‘சார்அட்’ போல வெற்றுச் சரத்தைத் திருப்புவதா என்பன போன்ற பேதங்களும் உண்டு. அவை சம்பிரதாயத்தைச் சார்ந்தவை. எழுத்தின் ஸ்வரூபத்தைப் பற்றிய வினாவைத் தொடுவன அல்ல.

பதினாறு பிட்டில் வைத்த நம்பிக்கை

உலகத்து நடைமுறை எழுத்துகள் அனைத்தையும் பதினாறு பிட்டுக்குள், அதாவது 65,536 இடங்களுக்குள், அடக்கிவிடலாம் என்று ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோ பெக்கர் 1988-இல் எழுதிய யூனிகோடு முன்வரைவு கருதியது. 1991-இல் யூனிகோடின் முதற் பதிப்பு வெளிவந்தது. 1995-இல் அறிமுகமான ஜாவா மொழி இந்நம்பிக்கையைத் தன் அஸ்திவாரத்திலேயே பதித்துக்கொண்டு, ‘சார்’ என்னும் எழுத்து வகையைப் பதினாறு பிட் என்றும், சரத்தின் ‘சார்அட்’ அத்தகைய ஒன்றைத் திருப்பும் என்றும் நிர்ணயித்தது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதற்கு அப்பால் பல மொழிகள் சிந்தியாதிருந்த காலத்தில், தமிழ்க் ககரமும் ஆங்கில ஏகாரமும் சம அந்தஸ்துடன் ஒரே வகை மாறியில் இடம்பெற்றன என்பது ஜாவாவை வகுத்தவர்களுக்குரிய பெரும் புகழ். அதனை மறந்து அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று.

மறு ஆண்டே, 1996-இல், யூனிகோடின் இரண்டாம் பதிப்பு அந்த எல்லையைத் தாண்டியது. மொத்த இடங்கள் 11,14,112 ஆயின. பதினாறு பிட்டில் அடங்காதவற்றை இரண்டு அலகுகளின் ஜோடியாகக் குறிக்கும் முறையும் வகுக்கப்பட்டது. ஜாவாவோ தன் வாக்கை மொழியின் விதிநூலிலேயே எழுதிவிட்டிருந்தது. 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ‘கோட்பாயிண்ட்அட்’ என்னும் புதிய மெத்தட் சேர்ந்ததெனினும், அதற்குக் கொடுக்க வேண்டிய எண் இன்றளவும் பதினாறு பிட் அலகுகளையே எண்ணுவதால், ஜோடியின் இடையில் எண் விழுந்தால் பாதிக் குறியே கிடைக்கிறது. சி#, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் பிதிரார்ஜிதமும் இதுவே. தமிழுக்கு இதனால் பாதகமில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் 2019-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் அந்த எல்லைக்கு வெளியே இடம்பெற்றமையால், 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரிக் குறி ஒன்றே ஒன்றை உடைய சரத்தின் நீளத்தை ஜாவா 2 என்று அறிவிக்கிறது.

இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. 2017-இல் ஜாவாவின் ஒன்பதாம் பதிப்பு, லத்தீன் எழுத்துகள் மட்டுமே அடங்கிய சரங்களை எழுத்துக்கு ஒரு பைட்டாகச் சேமிக்கும்படி உள்ளமைப்பை அடியோடு மாற்றியது. எழுதி முடிந்திருந்த நிரல்களில் ஒரு வரியையும் அதற்காகத் திருத்த வேண்டியிருக்கவில்லை. உள்ளமைப்பை மறைத்துக் காப்பது என்னும் பொருள்நோக்குத் தர்மம் வெற்றிபெற்றதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அதே சமயத்தில், சேமிப்பு முறையை மறைக்க முடிந்த அந்த ஆப்ஜெக்டால் தன் எண்ணும் அலகை மறைக்க முடியவில்லை. சுட்டெண் என்னும் வாயில் வழியே அது வெளிப்பட்டு, கோடிக்கணக்கான வரிகளில் வேரூன்றிவிட்டது. சரங்களைப் பற்றிய விவாதத்தில் உள்ளமைப்பைப் பேசுவோர் பலர், அலகைப் பேசுவோர் சிலர் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தமையே பல குழப்பங்களுக்குக் காரணம் என்று கருத இடமிருக்கிறது.

குறியெண்ணே எழுத்து என்னும் கட்சி

யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் வழங்கியுள்ள எண்ணையே எழுத்தாகக் கொள்வது அடுத்த நிலைப்பாடு. இதற்குச் சிறந்த பிரதிநிதி பைத்தான். முன்பு அம்மொழியை இருவகையாகக் கட்டமைக்க இடமிருந்தமையால், ஒரே நிரல் ஒரு கணினியில் ஒரு நீளத்தையும் மற்றொன்றில் வேறொரு நீளத்தையும் சொல்லும் நிலை இருந்தது. 2012-இல் வந்த 3.3 பதிப்பு, சரத்திலுள்ள மிகப் பெரிய குறியெண்ணுக்கு ஏற்ப எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் ஒதுக்கும் உபாயத்தால் அக்குறையை நீக்கியது. எண் சொன்னால் உடனே விடை என்ற பழைய வாக்கும் இதனால் காப்பாற்றப்பட்டது. பைத்தானில் எழுத்துக்கெனத் தனி வகை இல்லை என்பதும் கருதத்தக்கது. சரத்திலிருந்து எடுக்கப்படுவது மற்றொரு சிறு சரமே.

இக்கட்சியின் பலம் அதன் ஸ்திரத்தன்மை. ஒருமுறை வழங்கப்பட்ட குறியெண்ணை யூனிகோடு திரும்பப் பெறுவதோ இடம் மாற்றுவதோ இல்லை. ஆதலால் இன்று எண்ணிய எண்ணிக்கை நாளையும் நிற்கும். பலவீனத்தை விளக்க ‘விகடகவி’ என்னும் ஒரு சொல் போதும். வி, க, ட, க, வி என்று இருபுறமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே ஒலிப்பது இச்சொல்லின் சிறப்பு. குறியெண் கணக்கிலோ இதற்கு வகரம், இகரக் குறி, ககரம், டகரம், ககரம், வகரம், இகரக் குறி என ஏழு உறுப்புகள். இவற்றைப் பின்னிருந்து முன்னாக அடுக்கினால் தாங்குவாரற்ற இகரக் குறி முதலில் நின்று, அடுத்த இகரக் குறி ககரத்தின் மேல் சென்று ஏறி, சொல் சிதைந்துபோகும். மாலைமாற்றைச் சோதிக்கும் ஆரம்பப் பயிற்சி நிரல், தமிழின் மிகப் பிரசித்தமான மாலைமாற்றுச் சொல்லை மாலைமாற்றன்று என்று தீர்ப்பளிக்கிறது.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். எகரக் குறியும் ஆகாரக் கால்குறியும் தனித்தனியே சேர்த்து மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதித்திருந்தும், ஜாவாவும் பைத்தானும் இவற்றை ஒப்பிடுங்கால் வேறு வேறு சரங்கள் என்றே சொல்கின்றன. முன்கூட்டியே ஒருமுகப்படுத்தும் பொறுப்பு நிரலரையே சார்கிறது. இந்திய எழுத்துகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி நியமத்தைத் தழுவித் தமிழ்ப் பகுதி அமைந்தமையால், அகரமேறிய ‘க’ ஒரு குறியெண்ணாகவும், அதனினும் எளிய தனி மெய்யாகிய ‘க்’ இரண்டு குறியெண்களாகவும் நிற்கின்றன. மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கிறது என்னும் நம் இலக்கண மரபுக்கு இது நேர்மாறானது.

வாசகரின் எழுத்து

யூனிகோடின் இருபத்தொன்பதாம் இணைப்பு, வாசிப்பவர் ஓர் எழுத்தெனக் காண்பதை எழுத்துக்கொத்து என்னும் அலகாக வரையறுக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி, இந்த அலகையே தன் எழுத்து வகையாக ஏற்றது. ‘தமிழ்’ மூன்றெழுத்து, ‘விகடகவி’ மாலைமாற்று, இருவகையில் எழுதிய ‘கொ’ ஒன்றே. இத்தனையும் நிரலரின் தனி முயற்சியின்றிக் கிட்டுகின்றன.

இதற்கு ஸ்விஃப்ட் கொடுத்த விலை, எண்ணால் எழுத்தைக் கேட்கும் உரிமை. முழு எண்ணைச் சுட்டாகத் தர அம்மொழி இடந்தருவதில்லை. சரத்தினிடமே ஓர் இடக்குறியைக் கேட்டுப் பெற்று, அதனை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் எழுத்தை எடுக்க வேண்டும். புதியவர்கள் இதனைப் பெருந்தடையாக உணர்கின்றனர். சரத்தை எழுத்துகளின் தொகுதியாகக் கொள்ளலாமா என்பதிலேயே மொழியை வகுத்தவர்கள் இரண்டாம் பதிப்பில் ஒன்றும், 2017-இல் வந்த நான்காம் பதிப்பில் வேறொன்றுமாக முடிவு செய்தனர். ஆயினும் வரலாற்றை அறிந்தவர்க்கு, ஸிமுலாவின் சுட்டுமுனை அரை நூற்றாண்டுக்குப் பின் செம்மையான வடிவில் திரும்பி வந்திருப்பது புலனாகும். 2019-இல் ஸ்விஃப்ட் தன் உட்சேமிப்பை யூடிஎஃப்-8 முறைக்கு மாற்றியபோது, வெளியில் எண்ணும் அலகு அசையாமல் நின்றது.

இந்தத் தடைக்கு நியாயமான காரணமும் உண்டு. கொத்துகளின் நீளம் ஒரே சீராக இல்லாமையால், நூறாவது எழுத்தை அடைய முதலெழுத்திலிருந்து நடந்தே செல்ல வேண்டும். ஒரு லட்சம் எழுத்துடைய நூலில் ஒவ்வோர் எழுத்துக்கும் தொடக்கத்திலிருந்தே நடப்பதாயின், மொத்த அடிகள் ஏறத்தாழ 500 கோடியாகும். ராக்கு என்று இன்று பெயர்பெற்றுள்ள மொழி 2015-இல் இதற்கு வேறு உபாயம் கண்டது. பல குறியெண்களால் ஆன கொத்து ஒவ்வொன்றுக்கும் அது தன்னுள் ஒரு செயற்கை எண்ணை வழங்கிவிடுவதால், வாசகரின் எழுத்தையே உடனடியாகச் சுட்டியெடுக்க முடிகிறது. அவ்வெண்களுக்கு அந்நிரலுக்கு வெளியே பொருளில்லை என்பதும், உள்வரும் உரை ஒருமுகப்படுத்தப்படுவதால் அதன் மூல வடிவம் அப்படியே மீளாமல் போகக்கூடும் என்பதும் இதன் குறைகள்.

விலையைக் காட்டிலும் கனமான ஆட்சேபங்கள் இரண்டு. கொத்தின் எல்லை யூனிகோடின் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது என்பது முதலாவது. முந்திய வரையறையில் ‘நி’ ஒரே கொத்தாக அமையவில்லை. 2008-இல் விரிவான வரையறை வந்தபின்னரே அமைந்தது. 2023-இல் வந்த புதிய விதியால் தேவநாகரி முதலிய சில லிபிகளின் கூட்டெழுத்துகள் ஒரே கொத்தாயின. ஆகவே, ஒரு பதிப்பில் ‘நாற்பதாம் எழுத்து’ என்று குறித்துவைத்த இடம் மற்றொரு பதிப்பில் நகர்ந்துபோகலாம்.

வரையறை எல்லா லிபிகளுக்கும் சமமாகப் பொருந்துவதில்லை என்பது இரண்டாவது. புள்ளி பெற்ற மெய் தனித்து நிற்பதே தமிழின் பொதுவிதியாதலால், மேற்சொன்ன 2023 விதியில் தமிழ் சேர்க்கப்படவில்லை; அது பெரும்பாலும் சரியே. ஆனால் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ என்பவற்றை ஓரெழுத்தாகவே எழுதியும் வாசித்தும் வரும் வழக்கம் இருக்க, கொத்து விதி அவற்றை இரண்டிரண்டாக வெட்டுகிறது. யூனிகோடே தன் பெயரிட்ட தொடர்களின் பட்டியலில் க்ஷகர வரிசைக்குத் தனித்தனிப் பெயர் வழங்கியிருப்பதையும் சேர்த்து நோக்கினால், இங்கே முரண்பாடு ஒன்று தீர்க்கப்படாமல் கிடப்பது தெளிவு.

ஜாவா, சி#, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவையும் கொத்துகளைப் பிரிக்கும் கருவிகளை இப்போது தருகின்றன. ஆனால் அவை தேடிச் செல்பவர்க்கே கிட்டும் பக்கவாயில்கள். ரஸ்ட் மொழி இன்னொரு கோடியில் நின்று, சரத்தை எண்ணால் சுட்டுவதை அறவே மறுத்து, பைட்கள் வேண்டுமா குறியெண்கள் வேண்டுமா என்பதை நிரலரே வாய்விட்டுச் சொல்லும்படி செய்கிறது. எழுத்துக்கொத்து வேண்டுவோரைத் தனி நூலகத்துக்கு அனுப்பிவிடுகிறது. அதன் நேர்மை பாராட்டத்தக்கது, ஆனால் வாசகரின் எழுத்து அங்கும் இரண்டாம் பட்சமே.

தமிழ் மரபிலிருந்து சில சாட்சியங்கள்

எழுத்து எத்தனை என்னும் வினாவுக்கு நம் இலக்கண நூல்களும் ஒரே விடையைச் சொல்லவில்லை. தொல்காப்பியம் முதலெழுத்து முப்பதும் சார்பெழுத்து மூன்றும் என்கிறது. நன்னூலோ உயிர்மெய் 216 உள்ளிட்ட சார்பெழுத்துகளை 369 என்று விரிக்கிறது. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறும் நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழுமாக எழுத்து எண்ண வேண்டும். அந்தக் கணக்கைச் சோதிக்க நிரல் எழுதப் புகுபவர்க்குப் பைட்டும் உதவாது, குறியெண்ணும் உதவாது; எழுத்துக்கொத்துகளைப் பிரித்துப் புள்ளி பெற்றவற்றை ஒதுக்கினால் மட்டுமே விடை கிட்டும். புணர்ச்சி விதிகளை நிரலாக்க முனைவோர்க்கோ கொத்தும் போதாது; அவர்கள் ‘கி’ என்பதனுள்ளிருந்து ககர மெய்யையும் இகர உயிரையும் தனித்தனியே எடுக்க வேண்டும். பைத்தானுக்கென எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நூலகம் இவ்விரு பணிகளையும் செய்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது.

ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் பதினாறு பிட்டில் ஓரிடம் என்னும் டேஸ்-16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்ததும் இந்தத் தேவையை முன்னிட்டே. அம்முறையில் சரத்தின் மூன்றாம் உறுப்பு மெய்யாகவே மூன்றாம் எழுத்து. எளிய கணக்கால் உயிர்மெய்யைப் பிரிக்கவும் இயலும். யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் உலகத்துப் பொது மென்பொருள்கள் அம்முறையின் குறிகளைத் தமிழென்று அறிவதில்லை என்பதே அதன் தீராத பலவீனம். ராக்கு மொழி தன்னுள்ளே மறைவாகச் செய்ததை டேஸ்-16 வெளிப்படையான நியமமாகச் செய்ய முயன்றது என்று இரண்டையும் ஒப்பிடலாம். அவ்வாறு ஒப்பிடுங்கால், இத்தகைய எண்களுக்கு ஆப்ஜெக்டின் உட்புறமே தக்க இடம் என்று தோன்றுகிறது.

தீராது நிற்பவை

சில வினாக்களுக்கு இன்னும் ஒருமித்த விடை இல்லை. சுட்டுமுனை கொத்துக் கொத்தாக நகர்ந்தாலும், ‘கி’ என்று எழுதியபின் அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் பல தொகுப்பிகளில் இகரக் குறி மட்டும் நீங்கிக் ககரம் எஞ்சுகிறது. தட்டச்சுப் பிழையைத் திருத்துபவர்க்கு அதுவே சௌகரியம். ஆகவே ஒரே வாசகருக்கு ஒரே உரையில் வாசிக்கும்போது ஓர் அலகும் திருத்தும்போது வேறோர் அலகும் தேவைப்படுவதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குறித்துவைத்த இடங்கள் பதிப்பு மாற்றத்தால் நகராமல் காப்பது எவ்வாறு, லிபிக்கேற்ற விசேஷ விதிகளை மொழியின் அடிப்படை நூலகமே ஏற்க வேண்டுமா அல்லது தனி நூலகங்களுக்கு விட்டுவிடலாமா என்பனவும் முடிவாகாதவை.

கிடைத்துள்ள அனுபவத்தைக் கொண்டு நோக்குகையில், எழுத்தெடுக்கும் மெத்தட் ஒவ்வொன்றும் தன் அலகைப் பெயரிலேயே அறிவிப்பதும், அலகு சொல்லப்படாத இடத்து வாசகரின் எழுத்தையே கருதுவதும் மற்ற ஏற்பாடுகளைக் காட்டிலும் குறைந்த தீங்குடையவை என்றே நிதானிக்கத் தோன்றுகிறது. வேகத்தை நாடுவோர் பைட்டையோ குறியெண்ணையோ பெயர் சொல்லிக் கேட்டுப் பெறலாம், அதற்குத் தடையில்லை. இம்மாற்றத்தைப் பழைய மொழிகள் உடனே ஏற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பாடம் சொல்லும் முறையை மாற்றுவதோ நம் கையில்தான் இருக்கிறது. தமிழில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள், சரத்திலிருந்து எழுத்தெடுக்கும் முதற் பாடத்தை ஆங்கிலச் சொற்களோடு முடித்துவிடாமல், ‘விகடகவி’யையும் மாணவர் கையில் கொடுத்து, வந்த விடை எந்த அலகைச் சேர்ந்தது என்று அவர்களையே சொல்லச் செய்வார்களாக.